முந்தி வந்த பல்

மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, சினைப்பை இருக்கிறதா என்பது. இரண்டாவது, உள்ளே பல் இருந்ததா என்பது. முதல் கேள்விக்கு டாக்டர் வந்து சொல்வார் என்றாள் நர்ஸ். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, இந்தம்மாவுக்கு இன்னும் சரியாகத் தெளியவில்லை என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். எனக்கு நன்றாகத் தெளிந்திருந்தது. நான் பல் செட் செய்கிறவள். ஒரு நாளைக்கு நூறு பல்லாவது என் கையில் புரளும். பத்தொன்பது வயதில் என் வலது சினைப்பை கட்டியோடு முறுக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் அதை முழுசாக எடுத்தார்கள். அப்போது அந்தக் கட்டிக்குள் ஒரு கொத்து முடியும் ஒரு பல்லும் இருந்தன. பதின்மூன்று வருடம் கழித்து இடது பக்கத்திலும் அதே கட்டி என்றால், அதில் பல் இருக்குமா என்று கேட்பதில் என்ன பைத்தியக்காரத்தனம்?

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். புற்றெல்லாம் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லிவிட்டார். கட்டியை மட்டும் உரித்து எடுத்திருக்கிறார். சினைப்பையில் புளியங்கொட்டை அளவு மிச்சம் வைக்க முடிந்ததாம். அது வேலை செய்யுமா, சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்குமா என்பது ஆறு வாரம் கழித்து ஸ்கேனில்தான் தெரியும் என்றார். கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு முறை நாள் தள்ளிப்போய், இரண்டு முறையும் ஏமாந்திருக்கிறேன். இனி ஒரு பிள்ளை பிறக்குமென்றால் அந்தப் புளியங்கொட்டையிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். கூடப் பிறக்க வேண்டிய இரட்டைப் பிள்ளையா டாக்டர் இது என்று கேட்டார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று டாக்டரம்மா சிரித்தார்.

"இரட்டையெல்லாம் இல்லைங்க. இவங்க முட்டையில ஒண்ணு, யாருக்காகவும் காத்திருக்காம தானா வளர ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு முடி செய்யத் தெரியும், தோல் செய்யத் தெரியும், பல்லு செய்யத் தெரியும். ஆள் செய்யத்தான் தெரியாது."

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் என் கட்டிலைவிட்டுப் போகவில்லை.

தையல் பிரிக்கப் போன அன்று, பரிசோதனையெல்லாம் முடிந்த பல்லை ஒரு சின்ன மூடி போட்ட குப்பியில் கொடுத்தார்கள். கேட்டு வாங்கினேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்குத் துணி தைக்கிற தொழில். கையோடு அவளுடைய பொத்தான் டப்பாவைக் கொண்டு வந்திருந்தாள். டப்பாவைக் கவிழ்த்து, சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் விரலால் ஒதுக்கி, அடியிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய பல். கொட்டிவிட்டேன் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவள் அவள்.

"எறிய மனசு வரலைடி. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு வந்துடுச்சு. அதுக்காக அதை அநாதையா விடவா முடியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொத்தானோடு பொத்தானாகப் போட்டு வைத்திருக்கிறாயே, உனக்குக் கொஞ்சமாவது இருக்கிறதா என்று கத்தினேன். கத்தினால் தையல் போட்ட இடம் இழுத்தது. அம்மா பொத்தான்களைப் பொறுக்கினாள்.

அவள் போனதும் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொழில் புத்தி எங்கே போகும்? பழையது கீழ்வாய், வலது பக்கம், முன்னாலிருந்து நாலாவது. புதியது மேல்வாய், அதே வலது பக்கம், அதே நாலாவது. அதுவரைக்கும் சரி. ஆனால் பழைய பல்லின் உச்சியில் ஒரு சின்ன இடம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. புதியதிலும் இருந்தது. மெல்லாத பல் தேயாது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. வயிற்றுக்குள் கட்டியின் சுவரோடு ஒட்டிக் கிடந்த பல் எதை மென்றது?

லீவு கடிதம் கொடுக்கிற சாக்கில் லேப்புக்குப் போனேன். மேல்தாடை, கீழ்த்தாடை போலத் திறந்து மூடும் பித்தளைக் கருவி ஒன்று எங்களிடம் உண்டு. அதைத் தாடை என்றே சொல்வோம். மெழுகை இளக்கி, பழைய பல்லைக் கீழேயும் புதிய பல்லை மேலேயும் நட்டு, தாடையை மூடினேன். பதின்மூன்று வருட இடைவெளியில் இரண்டு வெவ்வேறு சினைப்பையில் முளைத்த இரண்டு பல்லும் சாவியும் பூட்டுமாகப் பொருந்தி உட்கார்ந்தன. தேய்ந்த இடம் தேய்ந்த இடத்தோடு. அதற்குள் கீழே வீட்டுக்காரர் ஹாரன் அடிக்க, தாடையை என் தட்டில் அப்படியே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அது தப்பு. எங்கள் லேப்பில் தட்டில் இருப்பதெல்லாம் வேலை. ஆள் பேர் எழுதிய சீட்டு இல்லாவிட்டாலும் வேலைதான். நிஜப் பல்லை மெழுகில் நட்டுத் தட்டில் வைத்தால், இந்தப் பல்லைப் பார்த்து இதன் நிறத்தில், இதன் அளவில் மிச்சத்தை அடுக்கு என்று அர்த்தம். அடுக்குகிறவரைக் கண்ணளவு என்போம். அளவுகோலே தொடமாட்டார். ஒரு பல்லைக் கொடுத்தால் முழு வாயையும் கண்ணாலேயே சொல்லிவிடுவார். பதினைந்து வருடத்தில் அவர் அடுக்கிய செட் வாய்க்குப் பொருந்தவில்லை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஸ்கேனுக்கு முதல் நாள் வேலைக்குத் திரும்பினேன். என் தட்டில் ஒரு வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

மேலே பதினான்கு, கீழே பதினான்கு. ரோஜா நிற மெழுகு ஈறு. என் இரண்டு பல் எவை என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை, அவ்வளவு கச்சிதமாக நிறம் சேர்த்திருந்தார். முன்பல் இரண்டும் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. எனக்கும் அப்படித்தான்.

"யாரு அண்ணே இதை அடுக்கச் சொன்னா?"

"தட்டுல இருந்துச்சு, அடுக்கினேன். பேர் போட்ட சீட்டே வைக்கலையே தங்கச்சி. உன் சொந்தக்காரப் பிள்ளையா?"

"ஏன் கேக்குறீங்க?"

"பால்பல்லெல்லாம் விழுந்து முடிஞ்ச வாய். பொம்பளப் பிள்ளை. பதிமூணு வயசுக்கு மேல இருக்காது. அந்த வயசுல எதுக்கு முழு செட்டு, பாவம்."

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் அழுதேனா, அந்தப் பாவம் என்ற சொல்லுக்கு அழுதேனா, தெரியாது. லேப்பிலேயே விட்டுப் போனால் மனிதர் மெருகேற்றி முடித்தே வைத்துவிடுவார். வீட்டில் வைக்கத் தைரியமில்லை. ஆஸ்பத்திரியில் கழிவையெல்லாம் எரிக்கிறார்கள், ஸ்கேனுக்குப் போகும்போது நர்ஸிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வழியில் பல்லோடு பல் மோதி உடையாமல் இருக்க நடுவில் ஒரு மெழுகுத் தகட்டை வைத்து மூடுவது எங்கள் வழக்கம். வைத்தேன். தாடையோடு ஒரு டப்பாவில் போட்டேன். அன்று முழுக்க அதைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

மறுநாள் ஸ்கேன் அறையில் நான் படுத்திருக்க, என் பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கருவியை அழுத்தினார், திருப்பினார், மறுபடி அழுத்தினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டத்தைக் காட்டினார்.

"முட்டைங்க. பதினாலு மில்லிமீட்டர். அந்தத் துண்டு வேலை செய்யுது."

வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்க்கப் பார்க்க ஒரே நினைப்புதான் வந்தது. இது காத்திருக்குமா? டாக்டரம்மாவிடம் கேட்டும்விட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, நல்லதையே நினைங்க என்றார். அது பதில் இல்லை.

வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போனார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸிடம் கொடுக்கலாமென்று டப்பாவைத் திறந்தேன். மெழுகுத் தகட்டில் கடித்த தடம் இருந்தது. இருபத்தெட்டுப் பல்லுக்கும் நடுவே இருந்த தகட்டில், மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி. வலது பக்கம், நாலாவது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று வைத்தபடியே இருந்தது. நிஜப் பல் ஒரு மயிரிழை உயரமாக நின்றிருக்கும், வெயிலில் மெழுகு இளகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் வந்தோம், பள்ளம் மேடு இல்லாத சாலையா என்ன? எல்லாம் சரியான காரணம்தான்.

நர்ஸ் எதிரே வந்தாள். கொடுக்க மனசு வரவில்லை. அம்மாவைத் திட்டிய வாய் இது.

யாரும் இல்லாதபோது குனிந்து மெதுவாகப் பேசினேன்.

"நீ முந்திக்கிட்ட. உன் மேல தப்பில்லை. ஆனா இது இன்னொருத்தர் முறை. கொஞ்சம் பொறுத்துக்கோ, என்ன?"

பழைய தகட்டை எடுத்துவிட்டு, உபரியாகப் பையிலிருந்த புதுத் தகட்டை இரண்டாக மடித்து, தடிமனாக நடுவில் வைத்தேன். தாடையை மூடி ரப்பர் வளையமும் போட்டேன். அத்தனை மெழுகு நடுவில் இருந்தால் பல்லும் பல்லும் தொடவே முடியாது. இது என் தொழில், இதில் நான் தப்புச் செய்யமாட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டப்பா என் மடியில், வயிற்றை ஒட்டி இருந்தது. வீட்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார், எந்த அறையைக் காலி செய்யலாம், யாரிடம் முதலில் சொல்லலாம் என்று. சிக்னலில் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். நான் அசையவில்லை, யாருமே அசையவில்லை.

டக்.

அவர் பாதிப் பேச்சில் நிறுத்தினார். லிஃப்டுக்குள் நின்று, கோளாறு எங்கே என்று காதாலேயே தேடும்போது தலையைச் சாய்ப்பார். அதேபோலச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக என் மடிப் பக்கம் குனிந்தார்.