பார்வையாளர் குறிப்பேட்டில் நான்கு வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடிதத்திலிருந்து கிடைத்தது. கடிதம் எனக்கு வந்ததல்ல. 1982 ஆடி மாதம், ஆரணியில், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் முகம்கூடக் கழுவாத நேரத்தில் ரோசம்மாள் அதைக் கொண்டுவந்தாள். இங்கிலீஷில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். நான் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியை. எங்கள் பக்கத்தில் யாருக்கு இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் அது என்னிடம்தான் வந்து நிற்கும்.

"இன்னா எழுதிகிறாங்க டீச்சர்? இந்த வருசம் எப்ப வரணும்னு போட்டுகிறாங்களா?"

ஒரு முறை மனசுக்குள் படித்தேன். பிறகு பாதியை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன்.

சொல்லாமல் விட்ட பாதிதான் இந்தக் கதை.

2

தொடக்கங்கள் சில:

கார்த்திகை பிறக்குமுன் அந்தக் கரையில் வானம் கடலோடு —

வேண்டாம். வானமும் கடலும் சேர்ந்துகொண்டாலே என் வாக்கியம் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

ரோசம்மாளின் விரல்கள் பட்டுப் போல —

அவள் விரல்கள் காய்த்துப்போனவை. நான் பார்த்திருக்கிறேன்.

ரோசம்மாளுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமான நாலாம் வருடம் புருஷன் செய்யாற்றில் வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அண்ணன் அடைக்கலசாமி வீட்டில் அவளுக்குச் சோறு. அதற்கு ஈடாக அவன் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து, புடவையின் ஒரு கரைக்கு நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ளிவிடும் வேலை. 1978இல் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனவள், அங்கிருந்து தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, கடலோரச் சரணாலயம் ஒன்றின் பறவை முகாமில் சமையல் செய்துகொண்டிருந்த சித்தியைப் பார்க்கப் போனாள். கார்த்திகை முடியும்வரை திரும்பவில்லை.

(இது நிற்கும். இதில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்பதால்.)

3

ஐப்பசியில் வடக்கேயிருந்து பறவைகள் வந்திறங்கும். முகாமில் விடிகிற நேரத்தில் புதர்களுக்கிடையே வலை கட்டுவார்கள். தலைமுடி மாதிரிக் கறுப்பு நூல், கண்ணுக்கே தெரியாது. வந்து மோதும் பறவையை எடுத்து, எடை பார்த்து, எண் போட்ட வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். மறுபடி எங்கே பிடிபட்டாலும் அது எது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இதில் கஷ்டம் சிக்கெடுப்பதுதான். சித்திக்குத் தண்ணீர் எடுக்கப் போன ரோசம்மாள், ஆராய்ச்சிக்காரர் ஒருவர் கால் மணி நேரமாகத் திணறிக்கொண்டிருந்த குருவியை, "தள்ளுங்க சார்" என்று இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தாள். முகாம் தலைவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். அவர் மறுவருடமே கடிதம் போட்டு அவளை வரவழைத்தார். அந்த வருடம் வளையத்தைக் குறடால் மூடவும் விட்டார். வளையம் மாட்டியவர் யார் என்பதற்குப் பதிவேட்டில் ஓர் எழுத்துப் போடுவார்கள். அவளுக்கு 'ஆர்'. அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் எழுத்து அது.

(அவள் பறவைகளை நேசித்தாளா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "கொத்துங்க. மேலயே பேண்டு வைக்கும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அங்க யாரும் என்னை அடைக்கலசாமி தங்கச்சின்னு கூப்புட மாட்டாங்க டீச்சர்" என்றாள்.)

(ஊர், நிறுவனம், டாக்டர் பெயர் எதையும் போடவில்லை. கதைக்குத் தேவையில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பயம் என்றும் சொல்லலாம்.)

4

1981 ஐப்பசிக் கடைசி. பறவை பார்ப்போர் சங்கம் ஒன்றின் மூலம் மூன்று நாள் அந்த முகாமுக்குப் போயிருந்தேன். கழுத்தில் இரவல் பைனாகுலர். இரண்டாம் நாள் காலை ஏழாம் வலையில் ஓர் ஆறுமணிக்குருவி விழுந்தது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணிவாக்கில் கூவும் என்பதால் அந்தப் பெயர். அதன் காலில் ஏற்கெனவே வளையம் இருந்தது. பிறகு பதிவேட்டைப் புரட்டினார்கள். 1979, இதே புதர், 'ஆர்'. இரண்டு வருடம் போய் வந்து போய் வந்து அவள் கைக்கே திரும்பியிருந்தது.

நூல் நாக்கில் மாட்டியிருந்தது. பறவை நாக்கின் பின்பக்கம் முள்போல் வளைந்திருக்கும். அதில் நூல் ஏறி இறுகிவிட்டால் அறுக்காமல் வராது. முகாமில் கத்தரி ஒன்றுதான். அது டாக்டரின் கழுத்தில் கயிற்றில் தொங்கும். வலை ஜப்பானிலிருந்து வந்தது, அதை அவரைத் தவிர யாரும் அறுக்கக் கூடாது என்பது சட்டம். அவர் மூன்றாம் வலையில் இருந்தார்.

"கத்தரி! ஜல்தி கத்தரி கொண்டாங்க!"

மூன்று தடவை கத்தினாள். பிறகு குனிந்து பல்லால் கடிக்கப் போனாள். தூரத்திலிருந்து "நோ! நோ!" என்று டாக்டரின் குரல் வந்தது. அவள் வாயை எடுத்துவிட்டாள். அவர் ஓடிவந்து சேர்ந்தபோது அது அவள் உள்ளங்கையில் அலகைத் திறந்தபடி கிடந்தது.

நான் ஆறடி தள்ளி நின்றிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

இதற்குமேல் வருணிக்க மாட்டேன். போன தடவை வருணித்ததால் வந்த வினைதான் இவ்வளவும்.

5

முகாமில் பார்வையாளர் குறிப்பேடு ஒன்று உண்டு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்து அதில் இங்கிலீஷில் நான்கு வரி எழுதினேன். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

இவள் ஆரணியின் நெசவுப் பெண். நூலை அறுக்க இவள் கை சம்மதிக்காது. அந்தத் தயக்கத்தில் இன்று ஒரு பறவை இறந்தது. நூலை இவ்வளவு நேசிப்பவளை யார் குற்றம் சொல்ல முடியும்?

எழுதி முடித்ததும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்துவிட்டது என்று பட்டது. கத்தரி கேட்டுக் கத்திய குரலை நான் மறைக்கவில்லை. எழுதும்போது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. இரண்டில் எது கேவலம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

என் கடைசி வரியின் கேள்விக்குத் தலைமை அலுவலகத்தில் பதில் இருந்தது. திரும்பிவந்த பறவை எப்படிச் செத்தது என்று அவர்கள் டாக்டரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் குறிப்பேட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். ரோசம்மாள் கொண்டுவந்த கடிதத்தில் நான் வாய்விட்டுச் சொல்லாத பாதி இதுதான்: 'அவருடைய ஊரைச் சேர்ந்த, படித்த பார்வையாளர் ஒருவரே பதிவு செய்திருப்பதுபோல'.

சொன்ன பாதி: "நீ நூலை அறுக்கத் தயங்கினதால குருவி செத்துப்போச்சாம். இந்த வேலைக்கு நீ சரிப்பட மாட்டியாம். இனிமே வர வேண்டாம்னு எழுதியிருக்கு."

ரோசம்மாள் முதலில் சிரித்தாள். "நானா நூல அறுக்க மாட்டேன்? நாளு பூரா நூல அறுத்துகினுதானே டீச்சர் குந்திகினுகிறேன்! பல்லப் பாருங்க, தேஞ்சேபோச்சு." சிரிப்பு நின்றது. "எவன் சொன்னானாம் இத?"

"அது போடலை" என்றேன்.

"எங்கிட்ட கத்தரியே இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டீச்சர். இங்கிலீசுல. ஆயுத பூசைக்குள்ள அவங்க கைக்குப் போவணும். அதுக்கப்பால ஆளு எடுத்துருவாங்க."

"எழுதறேன்" என்றேன்.

6

தறியில் அடைக்கலசாமி தினமும் கேட்டான். "இன்னா மேடம், குருவி உத்தியோகத்துக்கு ஆர்டர் வந்துச்சா?"

"வரும். நீ உன் நாடாவப் பாரு."

"அங்க போயி குருவிக்குக் கொலுசு மாட்டுறா. வூட்ல ஒருத்தனுக்கு சோறு போட ஆள் இல்ல."

"உனக்குக் கை இல்லையா இன்னா?"

இப்படிச் சொல்லத் தெம்பு இருந்தது, டீச்சர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதால். சனிக்கிழமை தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போனாள். டீச்சரும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். 'அவளிடம் கத்தரி இல்லை' என்று எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். நான் அங்கே இருந்தேன் என்றால், அப்படியானால் குறிப்பேட்டில் இருப்பது? என்னுடையது, தவறானது. மூன்று வாக்கியம்தான். மூன்றாவதை எழுத உட்காரும்போதெல்லாம் அது நாலு பக்கமாயிற்று. ஏன் அப்படி எழுதினேன், எந்த மனநிலையில், அன்று வெயில் எப்படி இருந்தது. கிழித்தேன். கிழித்ததையெல்லாம் தமிழில் எழுதிப் பார்த்தபோது சுலபமாக வந்தது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

முடிவுகளும் எழுதிவைத்தேன். ஒன்றில் கடிதம் போகிறது, ரோசம்மாள் வந்தவாசி பஸ்ஸில் ஏறிக் கையாட்டுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது; அதனால் நம்பவில்லை. இன்னொன்றில் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், அவள் என்னை மன்னிக்கிறாள். அதில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று தேடிப்பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

7

நேற்று சனிக்கிழமை. மேசைமேல் தாள்கள் கிடந்தன.

"கடுதாசிங்களா டீச்சர்?"

"இல்ல. கதை. உன்னைப் பத்தித்தான்."

எடுத்துப் பார்த்தாள். "தமிழா?"

"ஆமா."

"அவங்களுக்குத் தமிழ் வராதுங்களே" என்று இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ரோசம்மா, நான் லேட் பண்றது பேஜாரா இருந்தா வேற யாரையாவது வச்சு எழுதிக்கலாமே. தாலுகா ஆபீஸ்கிட்ட மனு எழுதறவங்க இருக்காங்க..."

"இங்கிலீசு யாருக்குன்னா வரும் டீச்சர். அன்னைக்கு மரத்தடியில குந்தி நோட்டுல எழுதுனது நீங்கதானே? வெளியாளுன்னு அங்க இருந்ததே நீங்க ஒருத்தருதான்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எழுதுனா அவங்க நம்புறாங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்துகினுகிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். "ஆயுத பூசைக்கு ஒம்பது நாளு இருக்குதுங்க, தபாலு போவவே நாலு நாளு ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். எடுத்துக்கொள்ளுங்கள். டீச்சர் கடிதம் போட்டாள் என்றோ போடவில்லை என்றோ எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கடிதத்தை மட்டும் உங்களால் எழுத முடியாது. அன்று ஏழாம் வலைக்குப் பக்கத்தில் நீங்கள் இல்லை.