நாற்பத்திரண்டாம் தாள்

நான்காக மடித்ததுதான் தப்பு, இரண்டாக மடித்திருந்தால் சட்டைப் பையில் இப்படிப் புடைத்துத் தெரியாது, இடது கையை மேலே வைத்துக்கொண்டால் நெஞ்சுவலிக்காரன் மாதிரி இருக்கிறது, எடுத்துவிட்டாலோ ஊரே அந்தப் பையைத்தான் பார்க்கிறது என்று தோன்றுகிறது... ஊர் எங்கே இருக்கிறது இங்கே, ஹோட்டலாகிவிட்ட இந்தப் பழைய வீட்டின் வளவு முற்றத்தில் இப்போது நானும் இரண்டு வரிசைத் தூண்களும்தான். எதிரே சாத்தியிருக்கும் கதவுக்குப் பின்னால் பெங்களூரிலிருந்து வந்த சௌபர்ணிகா என்கிற பெண் உட்கார்ந்திருக்கிறாள், முப்பது வயதுகூட இருக்காது, காலில் சாதாரண ரப்பர் செருப்பு, எங்கள் ஹோட்டலுக்குப் பசுமைச் சான்றிதழ் கொடுக்கலாமா கூடாதா என்று அவள்தான் எழுதப் போகிறாள். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறாள், நல்ல தமிழ், லேசான மலையாள இழுவையோடு. இந்தச் சான்றிதழ் இல்லாத இடத்துக்கு இனிமேல் ஆள் அனுப்ப மாட்டோம் என்று பிரான்சு நாட்டுப் பயணக் கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள், அவர்கள் அனுப்பாவிட்டால் இருபத்திரண்டு அறையில் பதினைந்து பூட்டித்தான் கிடக்கும், பூட்டிக் கிடந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் பாத்திரம் கழுவுகிறவர்கள், அப்புறம் துணி துவைக்கிறவர்கள், அதற்கும் அப்புறம் கடிதம் எழுதுகிறவன், அதாவது நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பிறகு ஏன் கை மறுபடி பைக்குப் போகிறது?

மேனேஜர் நாகேந்திரன் இரண்டு தடவை இந்தப் பக்கம் வந்து போய்விட்டார், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்ன அருள் சார், ஃபைலு உள்ள போயிருச்சா, போயிருச்சு சார் என்றேன் நான், போகக்கூடாதது ஒண்ணும் கூடப் போயிரலையே, என்று ஒரு சிரிப்பு. நேற்றுச் சாயங்காலமே சொல்லிவிட்டார், அந்த லெட்டர மட்டும் எடுத்துருங்க சார், நாஞ் சொன்னேன்னு இல்ல, நீங்களா நினைச்சு எடுத்துருங்க. நானாக நினைத்து... காலை ஏழு மணிக்கு ஆபீஸைத் திறந்து, ‘தண்ணீர், கழிவு, சுற்றுப்புறம்’ என்று நானே ஒட்டிய சீட்டுள்ள கோப்பை எடுத்து, நானாக நினைத்துத்தான் உருவினேன், தாள் எண் நாற்பத்திரண்டு. கிழிக்கச் சொல்லவில்லையே என்று மடித்துப் பையில் வைத்தேன். கிழிக்கத்தான் சொல்லியிருப்பாரோ? பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதப் பயிற்சி எழுதிய நாளிலிருந்து நான் எழுதிய ஒரு கடிதத்தையும் கிழித்தது கிடையாது, அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், அப்புறம் விஷயம், இந்த வரிசையில் எழுதி முடித்துவிட்டால் பாதிப் பாரம் குறைந்துபோகும், மீதிப் பாதி பெறுநருடையது. அப்படித்தான் நினைத்திருந்தேன். போன ஐப்பசியில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி சந்தனமேரி தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள், மறைக்கிற கடிதமா அது, நான் மறைக்கவில்லை, லெட்டரு போட்டா ஊருணி நுரை அடங்கிருமாக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள், இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு நான் பதில் சொன்னதில்லை.

பொருள்: குளியலறைக் கழிவுநீர் மழைநீர் வாய்க்காலில் கலந்து ஊருணிக்குச் செல்வது தொடர்பாக. இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்? இந்த வீட்டின் முற்றங்களில் விழுகிற மழையெல்லாம் தரைக்கடியில் ஒரு கல் வாய்க்காலில் சேர்ந்து, பின்கட்டைத் தாண்டி, இரண்டு தெரு கடந்து ஊருணியில் விழும்படிதான் கட்டியவர்கள் கட்டினார்கள். ஹோட்டலாக மாற்றியபோது ஆறே அறை, குளிக்கிற தண்ணீரைத் தோட்டத்துக் கல்வாழைப் பாத்தி குடித்துவிடும், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறு பன்னிரண்டாகி இருபத்திரண்டானபோது கல்வாழை என்ன செய்யும், பாத்தி நிரம்பி நாற ஆரம்பித்தது, வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அப்போதுதான் நாகேந்திரன் இந்த வாய்க்காலைக் காட்டினார், கட்டட வேலைக்காரக் குடும்பம் அவருடையது, அவருடைய பாட்டனே வாட்டம் பார்த்து, சரிவு பிசகாமல் வைத்த கல், நூறு வருசமா ஒரு சொட்டு தேங்குனதில்ல சார், மிச்சத் தண்ணிய இதுல விட்டா போற இடம் தெரியாது. போகிற இடம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அங்கே நின்ற ஒருவருக்கும் அது தோன்றவில்லை, எல்லோரும் வாட்டத்தைத்தான் பார்த்தோம். நான்தான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன், அது வழுக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துக் கைகூடத் தட்டினேன்... கைதட்டியது கடிதத்தில் இல்லை. செருப்போடு படியில் இறங்கினாலே சத்தம் போடுகிற ஊர், காலைக் கழுவக்கூட விடமாட்டார்கள், குடிக்கிற தண்ணீர், அந்த ஊருணிக்குப் பதினாறு அறைச் சோப்பும் ஷாம்பூவும் மூத்திரமும்... குளிக்கும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். மேனேஜர் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘பார்த்தேன்’ என்று எழுதி, கோயம்புத்தூரிலிருக்கும் முதலாளிக்கு நகல் அனுப்பினார், பதில் இல்லை. ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு அட்டை தொங்குகிறது, ஒரே துண்டை மறுநாளும் பயன்படுத்துங்கள், எங்கள் ஊருணியைக் காக்க உதவுங்கள் என்று. அதுவும் என் வாசகம்தான்.

இப்போது உள்ளே இருப்பது பாத்திரம் கழுவுகிற ராமுத்தாய். கதவு தேக்கு, ஆனால் மேலே காற்றுக்காக விட்ட கம்பிச் சட்டம் வழியாக எல்லாமே கேட்கிறது, கேட்கக்கூடாது என்றால் தூரப் போய் உட்காரலாம், போகவில்லை. வேலை செய்கிற பதினான்கு பேருக்கும் கேள்வி பதில் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்தவன் நான், ராமுத்தாய்க்கு மட்டும் படிக்கத் தெரியாது, அதனால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். குளியலறை நீர் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்தில் மறுபயன்பாடு செய்யப்படுகிறது. நாக்கு சுற்றிக்கொண்டது அவளுக்கு, சரி, சுத்தம் பண்ணி செடிக்கு விடுறாகன்னு சொல்லுங்க போதும் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை, நீங்க எழுதுனத எழுதுனபடி சொன்னாத்தான சார் பாசு போடுவாக, என்று ஈயச்சட்டியைத் தேய்க்கிற வேகத்திலேயே சொல்லிச் சொல்லிப் படிய வைத்தாள். அவள் வீடு ஊருணிக் கரையில் மூன்றாவது. போன புரட்டாசியில் அவள் மகள் தீபலட்சுமி மஞ்சக்காமாலையில் தேவகோட்டையில் பத்து நாள் படுத்துக் கிடந்தாள், கண்ணெல்லாம் எலுமிச்சம்பழம் மாதிரி... அது இந்தத் தண்ணீரால்தானா? யார் சொன்னது? டாக்டர் தண்ணீர் என்றுதான் சொன்னார், எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை, திருவிழாக் கடையில் குடித்த ஐஸ் சர்பத்தாகக்கூட இருக்கலாம், இருக்கலாம்தானே? நான் கடிதம் எழுதியது ஐப்பசியில். நுரையைப் பார்த்தது ஆவணியில். நடுவில் இரண்டு மாதம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

...செய்யப்படுகிறது, என்று ராமுத்தாயின் குரல் உள்ளே முடிகிறது, ஒரு எழுத்து பிசகவில்லை. அந்தப் பெண் சிரிப்பது கேட்கிறது, ஆருமா இதச் சொல்லிக்கொடுத்தது? யாரு தாயி சொல்லித்தரணும், தெனமும் நாந்தான கழுவுறேன். கெட்டிக்காரி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் அடுத்த கேள்வி என் தாளில் இல்லாத கேள்வி, உங்க வீடு எங்கம்மா, ஊருணிக் கரையிலதான், ஓ, அப்ப ஊருணித் தண்ணி எப்படி இருக்கு, குடிக்கிறீங்களா? தூணைப் பிடித்துக்கொண்டேன். சொல்லப் போகிறாள், சொல்லட்டும், அவள் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டாம்... அட சீ, இதற்காகத்தானா இவ்வளவு நேரம் இந்தக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன்? தண்ணிக்கு என்ன தாயி, என்றாள் ராமுத்தாய், எளநி கணக்கா இருக்கும், இன்னைக்குக் காலைலகூட ரெண்டு கொடம் எடுத்தாந்தேன். இன்றைக்குக் காலையில் நான் சைக்கிளில் வரும்போது அவள் டிராக்டரில் வரும் குடிதண்ணீருக்கு வரிசையில் நின்றாள், இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, என்னைப் பார்த்து நேரமாச்சா சார், இந்தா வந்துட்டேன் என்றாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள், பரீட்சை எழுதி வந்த பிள்ளை மாதிரி. சரியாச் சொன்னேனா சார், உங்க தாள்ல இல்லாததும் ஒண்ணு கேட்டுச்சு அந்தப் புள்ள, நானாப் போட்டுட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க ராமுத்தாய் என்று கேட்டேன், கேட்டேனா, உதடு மட்டும்தான் அசைந்திருக்கும். பெறகு, நுரைக்குதுன்னா சொல்லச் சொல்றீக, இந்த ஓட்டல மூடிட்டா நாங்க எங்குட்டுப் போறது? அப்புறம் குரலைத் தாழ்த்தி, கோபம் என்று ஒன்று அதில் துளிகூட இல்லை, அதுதான்... மனுவுலயே காரணம் தெரியலைன்னு நீங்க எழுதிட்டீக, நான் மட்டும் தெரிஞ்ச மாதிரிப் பேசுனா உங்களுக்குல்ல சார் அசிங்கம். போய்விட்டாள், அடுப்படியில் பாத்திரம் குவிந்து கிடக்கும். மனு. தை மாதம், கலெக்டருக்கு, ஊருணித் தண்ணீர் நுரைப்பது தொடர்பாக, ஊருணிக் கரைத் தெருவே என்னிடம்தான் வந்து எழுதச் சொன்னது. காரணம் தெரியவில்லை, ஆய்வு செய்ய வேண்டுகிறோம் என்று முடித்தேன், வாசித்துக் காட்டினேன், ராமுத்தாய் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள், காரணம் தெரியலைன்னா எழுதியிருக்கீக என்றாள், அவுக வந்து கண்டுபிடிப்பாக என்றேன், சரி என்று மையில் விரலைத் தொட்டாள். அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். தெரிந்துதான் என்னிடம் வந்தார்களா, நான் எழுதுவேன் என்று நினைத்தா... பொய் சொல்ல யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என்று நான் எப்படிக் கேட்பேன், ஸ்டூல் போட்டு மூன்று நாள்.

அருள்பிரகாசம் சார், வரீங்களா, என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். எழுந்தால் முழங்கால் சொடுக்குகிறது. மேசையில் கோப்பு விரித்திருக்கிறது, ஜன்னல் வழியாகக் கல்வாழைப் பாத்தி தெரிகிறது, சிவப்பும் மஞ்சளுமாக, யார் பார்த்தாலும் நம்புவார்கள். ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க சார், நான் போன எந்த ஹோட்டல்லயும் இப்படி ஒரு ஃபைல் பாத்ததில்ல, என்கிறாள், பாராட்டு உண்மையானதுதான், நன்றி அம்மா என்கிறேன், வலது மேல் மூலையில் சிவப்பு மையில் எண், ஒரு தாள் ரத்தானால்கூட ரத்து என்று ஒரு சீட்டு வைப்பேன், எண்ணைத் தாண்டவிட மாட்டேன், என் வேலையைப் பற்றி ஒருவர் தப்பாகச் சொல்லக்கூடாது. தாளைப் புரட்டுகிறாள், முப்பத்தொன்பது, பாத்தியின் வரைபடம், நாற்பது, துண்டு அட்டை, புன்னகைக்கிறாள், நாற்பத்தொன்று, செடிகளின் பட்டியல்... அடுத்தது ஊருணியின் படம், அதன் மூலையில் சிவப்பு மையில் நாற்பத்து மூன்று. கட்டைவிரல் நிற்கிறது. ஒரு தாள் பின்னால் போகிறாள், மறுபடி முன்னால் வருகிறாள், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலால் நெருடிப் பார்க்கிறாள். காலையில் எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மேசை இழுப்பறையில் வெள்ளை மை இருந்தது, பதினெட்டுத் தாளில் எண்ணை மாற்ற இருபது நிமிடம் போதும், ரத்துச் சீட்டு வைக்க இரண்டு நிமிடம்கூட வேண்டாம். நான் மாற்றவில்லை, சீட்டும் வைக்கவில்லை. மறந்துவிட்டேனா? நானா? பேனா மூடியைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது, வெளியே டிராக்டர் சத்தம் கேட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. அவள் இன்னும் தலை நிமிரவில்லை. என் இடது கை பைக்குப் போய்விட்டது, மறைக்கவா எடுக்கவா என்று அதற்கே தெரியாமல், அதன் மேல் நிற்கிறது.