நாற்பத்தொன்றாவது மாடு

மேலக்கரட்டூரில் மாடு கிடையாது. ஆனாலும் நாற்பத்தொரு மாடுகளின் சாண எரிவாயுவில்தான் அங்கே சோறு வெந்தது.

அந்த மாடுகளை எழுதியவர் மகுடேஸ்வரன். நாட்டிலுள்ள சாணத்தையெல்லாம் கூட்டி, எவ்வளவு எரிவாயு தேறும் என்று மதிப்பிடும் அலுவலகத்தில் அவர் கணக்கெடுப்பாளர். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், ஊருக்குள் போகாமல் டீக்கடை பெஞ்சிலேயே படிவத்தை நிரப்பிவிட்டார். முதலில் நாற்பது என்றுதான் எழுதினார். முழு எண்ணாக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடுமோ என்று பட்டது. ஒன்று கூட்டினார்.

படிவம் தலைநகருக்குப் போனது. மறுவாரமே ஊரில் குழாய் பதித்தார்கள். அடுப்பு எரிந்தது. இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அரசாங்கம் சொன்னால் எரியத்தானே வேண்டும்.

ஆறு மாதம் கழித்துக் கடைசி வீட்டிலிருந்து புகார் வந்தது. சுடர் போதவில்லையாம். விசாரிக்க மகுடேஸ்வரனையே அனுப்பினார்கள்.

அந்த வீட்டுப் பாவாயி திட்டுவாள் என்று நினைத்து, வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு போனார். அவளோ சொம்பில் தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று இலை போட்டாள். சோறு நறுக்கு நறுக்கென்றது. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் பழகிய பல்லால் அதை மென்றுகொண்டிருந்தன.

"வெந்திருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாவே வெந்திருக்குது அம்மிணி."

அடுப்பில் சுடர் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். வைதிருந்தால்கூடத் தேவலாம்.

பிறகு மாடு கட்டும் கட்டுத்தாரைக்குக் கூட்டிப்போனாள். நாற்பத்தொரு முளைக்குச்சிகள். நாற்பது கயிறுகள், இல்லாத கழுத்துகளைச் சுற்றி விறைப்பாக அசைந்துகொண்டிருந்தன. கீழே சாணத்தில் ஆவி பறந்தது. கடைசிக் கயிறு மட்டும் தரையில் கிடந்தது.

"நாப்பது ஒழுங்கா நிக்குதுங்க. இது ஒண்ணு வரவே இல்லீங்க. நீங்க பாத்துத்தானே எழுதுனீங்க? என்ன நிறமுன்னு சொன்னா தேடிப் புடிச்சுக்கறோமுங்க."

மகுடேஸ்வரனுக்குக் காது மடல் சுட்டது. நாற்பதும் சோம்பலில் பிறந்தவை, எப்படியோ பிழைத்துக்கொண்டன. அந்த ஒன்றுதான் பொய்.

"மாநிறம்," என்றார்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். குனிந்தார். பாவாயி கயிற்றைக் கழுத்தில் மாட்டி, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இறுக்குகிறதா என்று மரியாதையாகக் கேட்டாள். முன்னால் ஒரு கத்தை சோளத்தட்டைப் போட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சாணம்னு எழுதியிருக்கீங்க?"

"பத்து," என்றார், தரையைப் பார்த்தபடி.

பாவாயி சற்று யோசித்தாள். போய் இன்னொரு கத்தை கொண்டுவந்து போட்டாள்.