சரிபாதி

சுத்தியல் மறுபடியும் தமந்தானியின் கட்டைவிரலில்தான் விழுந்தது. டயர் ரப்பர் வளையத்துக்குள் கல்லைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அடிக்க வேண்டும். அடி விழுகிற நொடியில் விரலை இழுத்துக்கொள்ள வேண்டும். நிராண்டே மலைச்சரிவில் ஜல்லி உடைக்கும் பெண்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. இவளுக்கு இன்னும் கைவரவில்லை.

"டாக்டரம்மா, அந்த வெரலுக்கு ஒரு ஊசியப் போட்டு விடுங்க," என்றாள் பக்கத்துக் குவியலில் இருந்த எனெலெஸ். சரிவே சிரித்தது. தமந்தானியும் சிரித்துவைத்தாள்.

அவள் டாக்டருமில்லை, நர்சுமில்லை. அடிவாரத்தில் வெளிநாட்டுப் பணத்தில் நடந்த கூடார ஆஸ்பத்திரியில், எச்ஐவி மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசி, அதை விடாமல் சாப்பிட வைப்பது அவள் வேலை. நீலக் கோட்டு கொடுத்திருந்தார்கள். கடலுக்கு அப்பால் யாரோ கையெழுத்துப் போட்டுப் பணத்தை நிறுத்தினார்கள். இங்கே கூடாரத்தையே சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கோட்டைத் திருப்பிக் கேட்கக்கூட ஆள் வரவில்லை. இப்போது அதைச் சும்மாடாக்கித்தான் ஜல்லி சுமக்கிறாள்.

எனெலெசின் புருஷன் லாஸ்டன், மேலே பாறைக்கடியில் பழைய டயர்களைக் கொளுத்திச் சூட்டில் பாறையைப் பிளக்கிறவன். இருவருக்கும் நோய் உண்டு. கடைசிப் பிரசவத்தின்போதே பெயரைப் பதிந்துகொண்டதால் எனெலெசுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது. லாஸ்டன் கூடாரத்தில் மாத்திரை வாங்கியவன். கூடாரம் போனபிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தான். இருக்கிறவர்களுக்கே போதவில்லை, சரக்கு வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அலைந்து பார்த்துவிட்டுப் போவதையே நிறுத்திக்கொண்டான். ஆனாலும் பாறை பிளந்தான், சிரித்தான், வம்பு பேசினான். எங்கோ வழி கிடைத்திருக்கும் என்று தமந்தானி நினைத்துக்கொண்டாள். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டும். செய்ய என்ன இருக்கிறது?

மதியம் அவன் சோளக்களிப் பாத்திரத்தோடு இறங்கி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை விட்டுவிட்டுத் தின்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. எனெலெஸ் கைகழுவத் தண்ணீர் ஊற்றி, களியில் ஒரு துண்டைப் பிட்டுத் தமந்தானியின் கையில் வைத்தாள். லாஸ்டன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தட்டைக் கல்லின்மேல் வைத்தான். பிளேடுத் துண்டை அதன் நடுவில் வைத்து அழுத்தினான்.

 என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள் தமந்தானி.

"என்ன இப்பிடிக் கேக்குறீங்க?" என்றாள் எனெலெஸ். "நீங்க சொல்லிக்குடுத்ததுதான். மருந்துன்னு நெனைக்காதீங்க, களி மாதிரி, ஒருநாளும் பட்டினி போடக் கூடாதுன்னு சொன்னீங்க. களி கொறஞ்சா நாம என்ன செய்வோம்? ஆளுக்குப் பாதி திம்போம். ஒருத்தர் திங்க இன்னொருத்தர் பாத்துக்கிட்டா இருப்பாங்க?"

அப்படித்தான் சொல்லியிருந்தாள். கூடாரத்தில் காட்டச் சொன்ன படங்கள் யாருக்கும் விளங்கவில்லை. களி என்றதும் விளங்கிவிட்டது. கூடாரத்தை நடத்தியவர்கள் அவளைப் பாராட்டினார்கள். அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் வீட்டுக்கு வீடு களியைப் பாதியாக்குவது அவளுக்குத் தெரியாததா? ஆனால் கூடாரத்தில் மாத்திரை குறைந்ததே இல்லை. அதனால் அந்த நினைப்பே வரவில்லை.

பாதி மாத்திரைக்குக் கிருமி அடங்காது என்று சொன்னாள். அது மருந்துக்குப் பழகிப்போகும், அப்புறம் முழுசாகத் தின்றாலும் கேட்காது, இரண்டு பேருக்குமே கேட்காது. பழைய கூடாரத்துக் குரல் தானாக வந்தது. அவளுக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

லாஸ்டன் களியை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி. அப்ப யாரு திங்கணும்? நீங்களே சொல்லுங்க."

தமந்தானியின் பார்வை எனெலெசிடம் போனது.

"மாத்திர இவ பேருல வாங்குறது," என்றான் அவனே. "அதத்தான சொல்ல வர்றீங்க?"

"அவரு படுத்துட்டா மேல பாறைய யாரு பொளக்குறது? நீங்களா?" என்றாள் எனெலெஸ். வழக்கமான கேலிதான். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தானும் கூட வருவதாகவும், பேசிப் பார்க்கலாமென்றும் தமந்தானி சொன்னாள்.

"ஒங்கள உள்ள விடுவாங்களா?" லாஸ்டன் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

கீழே ஜல்லி லாரியின் ஹாரன் கேட்டது. பெண்கள் கூடைகளோடு எழுந்தார்கள். மூவரும் எழவில்லை. பிளேடு கொஞ்சம் கோணலாக இறங்கியிருந்தது. பெரிய பாதியை லாஸ்டன் ஒரு விரலால் மனைவி பக்கம் நகர்த்தினான். அவள் திருப்பி நகர்த்தினாள். அவன் மறுபடியும் நகர்த்தினான். உதிர்ந்த வெள்ளைத்தூள் கல்தூசியோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் கிடந்தது. அவன் விரல்நுனியை நாக்கில் நனைத்து, அந்தத் தூளை முழுவதும் ஒற்றியெடுத்து, எனெலெசின் வாயருகே நீட்டினான். அவள் தமந்தானியைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள்.