நானூற்றைம்பது மீட்டருக்குள்

மகாதேவி வேகமாக நடந்ததுதான் முதல் தப்பு. அதை அவள் கணவன் ஈரண்ணா பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு ஓரமாக நின்று கைதட்டியதும் அவன்தான்.

அவன் ஹுப்பள்ளியில் அரசு பஸ் கண்டக்டர். கல்யாணமாகி ஏழாவது வருஷம், முப்பத்திரண்டு வயதில், நாலு படி ஏறினாலே மகாதேவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தசோகை என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள். பிள்ளை இல்லாத ஏக்கம் என்றாள் மாமியார். இரண்டு வருஷம் இப்படி அலைந்த பிறகு டாக்டர் தேசாயிதான் கண்டுபிடித்தார். நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாய்கள் சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலதுபக்கம் ஓய்ந்துபோகும். குணமாக்க மருந்து கிடையாது, தள்ளிப்போட மாத்திரை உண்டு. பிள்ளை பெறவே கூடாது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் புது ஊசி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொன்னவரும் அவரேதான்.

ராத்திரி ரயில் பிடித்துப் போனார்கள். அங்கே சோதனைக்கு ஆள் சேர்க்கிற வேலையைப் பார்த்தவள் தனுஜா என்ற மங்களூர்ப் பெண். இருபத்தாறு பக்கச் சம்மதப் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள்.

"மூணு வாரத்துக்கு ஒரு ஊசிக்கா. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"எங்க மாமியார் ஊத்துற பருப்புச் சாறு மாதிரின்னு சொல்லு" என்றாள் மகாதேவி. " யாருக்குப் பருப்பு, யாருக்குத் தண்ணின்னு அவங்களுக்கே தெரியாது."

தனுஜா வாய்விட்டுச் சிரித்தாள். ஈரண்ணாவுக்கு அந்தச் சிரிப்பே நல்ல சகுனமாகப் பட்டது.

பிறகு நடைச் சோதனை. நீள வராந்தாவில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள். ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறதோ அவ்வளவு. மகாதேவி பள்ளிக்கூடத்தில் தார்வாடு ஜில்லாவுக்காக கோ-கோ ஆடியவள். கூம்பைப் பார்த்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். உதடு நீலம் பாரிக்கும்வரை நடந்தாள். நானூற்று அறுபத்தெட்டு மீட்டர்.

தனுஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "நானூத்தம்பதுக்குள்ள இருக்கணும்க்கா."

"நல்லா நடந்தா குத்தமா?" என்றான் ஈரண்ணா.

"விதி அப்படிண்ணா. ரொம்ப நல்லா இருக்கறவங்களுக்குக் குடுத்தா மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு தெரியாதாம். அதே மாதிரி நூத்தம்பதுக்குக் கீழ போனாலும் சேர்க்க மாட்டாங்க. உடம்பு தாங்காது. இன்னும் ஒரே ஒரு தடவை வந்து பாக்கலாம். நான் கூப்பிடறேன்."

திரும்பி வரும்போது அவன் மெல்லக் கேட்டான். "கொஞ்சம் மெதுவா நடந்திருக்கலாமில்ல?"

"ஏங்க, வேணும்னே தோக்க எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே."

ஏழு மாசம் கழித்து, மழைக்காலக் காய்ச்சல் ஒன்று வந்து போனதும் அவள் கால்கள் வீங்கின. தேசாயி கூடுதலாக இன்னொரு மாத்திரை எழுதினார். "இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றார். ஈரண்ணா மருந்துக்கடை வாசலிலிருந்தே தனுஜாவுக்குப் போன் போட்டான்.

"புது மாத்திரை ஆரம்பிச்சா மூணு மாசம் காத்திருக்கணும்ணா. அதுக்குள்ள இடம் முடிஞ்சிரும்னு நெனைக்கறேன். அடுத்த மாசம் பதினாலாம் தேதி ஒரு இடம் இருக்கு. ஆனா நீங்க டாக்டர் சொல்றதைத்தான் கேக்கணும்."

கடைசி வாக்கியமும் அவன் காதில் விழத்தான் செய்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"இது தள்ளிப்போடத்தானே" என்றான் மனைவியிடம். "ஊசின்னா அது வேற. இருபத்தஞ்சு நாள்தானே மகாதேவி, தாங்கிக்குவியா?"

அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தாங்கிக்குவேன்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து தேசாயி போனில் கேட்டார். "ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சு சார்" என்றான் ஈரண்ணா.

முதல் வாரம் அவள் உட்கார்ந்தபடியே ஜோள ரொட்டி தட்டினாள். இரண்டாவது வாரம் அவன் தெருமுனைக் கானாவளி மெஸ்ஸிலிருந்து ரொட்டி வாங்கி வந்தான். மூன்றாவது வாரம் தலைவார ஒரு கை தூக்கினால் மறு கையைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது. போதும், மாத்திரையைப் போட்டுவிடலாம் என்று அவன் ஒருநாள் அட்டையை எடுத்தான். "இவ்வளவு நாள் கிடந்தது வீணாயிடும்" என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாலாம் தேதி அதே வராந்தா, அதே கூம்புகள். முதல் திருப்பத்தில் சுவரைத் தொட்டாள். மூன்றாவதில் நின்றாள். தனுஜா கடிகாரத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு நிமிஷம் முடிகிறபோது மகாதேவி சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். நூற்று இருபத்தெட்டு.

"இருபத்திரண்டு மீட்டர்தானேம்மா" என்றான் ஈரண்ணா. பஸ்ஸில் எத்தனையோ பேரை அதட்டிய குரல் அது. இப்போது கெஞ்சியது. "நூத்தம்பதுன்னு எழுதிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"முடியாதுண்ணா."

"ரெண்டு எண்ணுதானே..."

"அண்ணா, அவங்களைப் பாருங்க. ஊசியை விடுங்க, முதல்ல படுக்க வைக்கணும்."

பெரிய டாக்டர் வந்தார். கழுத்து நரம்பையும் காலையும் பார்த்துவிட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். தேசாயியின் சீட்டு ஈரண்ணாவின் கையிலேயே இருந்தது. அவள் சொல்லாத ஒரு மாத்திரை அதில் இருந்தது.

"இது ஏன் ஆரம்பிக்கல? யார் வேணாம்னு சொன்னது?"

ஈரண்ணா தனுஜாவைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரும் சொல்லல டாக்டர்" என்றாள் மகாதேவி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்து. "நாங்களேதான். சேத்துக்குவீங்கன்னு நெனச்சோம்."

எட்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அந்த மாத்திரையை ஆரம்பித்தார்கள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். கால் வீக்கம் வடிந்தது, ஆனால் மூச்சு திரும்பவில்லை. இந்த ஒரு மாதத்தில் இதயம் இழந்தது இனிமேல் வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஈரண்ணாவுக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

கடைசி நாள் தனுஜா வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

"சேந்தவங்கள்ல யாருக்காவது தேவலையா?" என்று கேட்டாள் மகாதேவி.

"தெரியாதுக்கா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"இருக்கும். யாருக்காவது இருக்கும்."

ஊருக்கு வந்த பிறகு, அவளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தபோது ஈரண்ணாவுக்கு அடக்க முடியவில்லை. "நான்தான் சொன்னேன். என்னாலதான்."

"நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். அதை விடுங்க. முதுகுப் பக்கம் இன்னொரு தலையணை வைங்க, குத்துது."

மறுநாள் அவன் டெப்போவுக்குப் போனான். பஸ்ஸில் போகாமல் பகல் நேரத்தில் ஆபீஸிலேயே வேலை கேட்டு, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று, டாக்டர் சீட்டில் இருந்தபடி நாலு மாசத்துக்கு மனு எழுதினான். மேனேஜர் ஹிரேமட் படித்துப் பார்த்தார்.

"நாலு மாசம்னு போட்டிருக்கியேப்பா. ஒரு வருஷம்னு போடேன், நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் திரும்ப வந்து நிக்க வேணாம் பாரு."

அவர் நல்ல மனசோடுதான் பேனாவை நீட்டினார். ஈரண்ணா அதை வாங்கவில்லை.

"டாக்டர் எழுதினது நாலுதான். நாலே இருக்கட்டும் சார்" என்றான்.