நேரில் கண்ட இஸ்திரிக்காரர்

காவல் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர், பதினெட்டு வருஷத்தில் முந்நூற்றுப் பதினோரு குற்றவாளிகளின் வாக்குமூலத்தை நேரில் கண்டவர். அதற்காக ஊருக்குள் எங்கும் அலைந்ததில்லை. நிலையத்தில் காகித வேலை பார்க்கும் ரைட்டர் ஜன்னல் வழியாக, "அண்ணே, ஒரு கையெழுத்து" என்பார். இவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய், வெள்ளைத்தாள்களின் அடியில் 'சாட்சி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்டதில்லை. கேட்டால் நடைபாதையில் வண்டி நிற்காது.

ஒருமுறை ஊரின் இரண்டு மூலைகளில் இரண்டு திருடர்கள் ஒரே மணிக்கு இவர் கண்ணெதிரே ஒப்புக்கொண்டார்கள். குற்றவாளிகள் எடுத்துக் கொடுத்த கத்திகள் எல்லாம் ரயில் பாதை ஓரத்து ஒரே முட்புதரிலிருந்து எடுக்கப்பட்டன. வருஷத்துக்குப் பதினேழு கத்தி காய்க்கிற புதர் அது.

ஒரு திங்கட்கிழமை அவர் மனைவி வண்டிக்கு ஓடிவந்தாள்.

"என் தம்பியைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. யாரோட செயினையோ அறுத்தானாம். உங்களுக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே, போய்ச் சொல்லுங்க."

போனார். ரைட்டர் தலையைச் சொறிந்தார்.

"உங்க மச்சானா? முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா அண்ணே. ஒத்துக்கிட்டாரே. கத்தியைக்கூட எடுத்துக் குடுத்துட்டாரு."

"யாரு பாத்தா?"

"நீங்கதான்."

மறுநாள் நிலையத்துத் துணி மூட்டை வந்தது. ஒரு காக்கிச் சட்டையின் வலது கை மொரமொரவென்று காய்ந்திருந்தது. அப்படி வருவது புதிதில்லை. வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, குமட்டலோடு குமட்டலாக அலசித்தான் தேய்ப்பார். மடித்திருந்த கையைப் பிரித்தார். ஒரு பல் விழுந்தது. வெள்ளிப் பூண் போட்ட பல். ஞாயிற்றுக்கிழமைதான், "நீ சிரிச்சா டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கு மச்சான்" என்று கிண்டல் பண்ணியிருந்தார்.

அன்று அவர் சட்டையை அலசவில்லை. இரத்தத்தின்மேல் சூட்டோடு பெட்டியை வைத்தால் கறை துணியை விட்டுப் போகாது. அழுத்தி அழுத்தி வைத்தார். கேட்டு வந்தவர்களிடம் சட்டை கருகிவிட்டது என்றார்.

ஏழு மாதம் கழித்து நீதிமன்றத்தில் சட்டையை விரித்தார். மேலே பல்லை வைத்தார். நான் எதையும் பார்க்கவில்லை, பார்த்தது இது மட்டும்தான் என்றார்.

நீதிபதி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ முன்னாடி சாட்சி சொன்ன முந்நூத்திப் பதினொண்ணு?"

"அதையும் பாக்கலைங்க ஐயா."

"அவங்களையெல்லாம் என்ன பண்ணச் சொல்றீங்க?"

"விட்டுடலாம்ங்க."

நீதிபதி நிறைய யோசித்தார். முந்நூற்றுப் பதினோரு பேரைத் திரும்ப விசாரிப்பதைவிட ஒருவரை நம்பாமலிருப்பது சுலபம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சொந்தக்காரர் மேல பாசம். புரியுது. இத்தனை வருஷம் உண்மையே பேசினவரு, இன்னிக்கு மட்டும் தடுமாறிட்டீங்க."

சட்டை கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் இல்லாததால் உரியவரிடம் ஒப்படைக்க உத்தரவானது. பல்லைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. கூண்டிலிருந்த மச்சானிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். மச்சான் வாயைத் திறந்தான். முன்வரிசையே காலி, காற்றுதான் வந்தது. வருத்தம் தெரிவிக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, விதிக்க இருந்த ஏழு வருஷத் தண்டனையை எட்டாக்கினார்கள்.

மறுநாள் ரைட்டர் வண்டிக்கே வந்தார்.

"அரசாங்கச் சட்டையைத் திருடினதா கேஸ் அண்ணே. நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"எங்கேருந்து எடுத்துக் குடுத்தேன்?"

"முட்புதர்லேருந்து."

"சாட்சி?"

ரைட்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். அடியில் இவருடைய கையெழுத்தேதான் இருந்தது, நல்ல தெளிவாக.

இஸ்திரிக்காரர் கிராம்பைத் துப்பினார். பின்னாலேயே காலையில் சாப்பிட்டதும் வந்து ரைட்டரின் ஷூவை நிறைத்தது. ரைட்டர் கோபப்படவில்லை. அதற்கென்று இன்னொரு தாளை உருவினார். அதிலும் கையெழுத்து தயாராக இருந்தது.