கல்லுக்குக் கீழ்ப்புறம்

“அழுத்திப் பிடிக்காத. முட்டையை எடுக்கிற மாதிரி பிடி,” என்றான் எம்ப்ரிக், படுக்கையில் கிடந்தபடியே.

இங்கெரி தூரிகையைக் கத்தி பிடிப்பதுபோலத்தான் பிடித்திருந்தாள். இந்த நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் கழுவுவதற்குத் தவிர அவள் அதைத் தொட்டதில்லை. கழுவும்போதும் திட்டிக்கொண்டேதான் கழுவுவாள். சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாடை திரைச்சீலையில், தலையணையில், ரொட்டியில்கூட ஏறிவிட்டது என்பாள்.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை முடிந்ததும் அவன் நேரே பாலத்தடிக்குப் போய்விடுவான். ஓடும் ஆற்றைத் தவிர வேறெதையும் அவன் வரைந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, “என்னை வரையேன்,” என்று கேட்டாள். “நீ அசையாம உட்கார்ந்துடுவே. அசையாததை எனக்கு வரைய வராது,” என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை. பாலத்துப் பக்கமும் போகவில்லை.

ஒரு மாதமாக அவனுக்குக் கை நடுங்கியது. கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சாத்தியிருந்த படத்தில் ஓர் இடம் மட்டும் பாக்கி. ஆற்றின் நடுவிலிருந்த கல்லுக்குக் கீழ்ப்புறம், ஓட்டம் போகிற பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்கு வெறும் துணி.

“அந்தப் பச்சையில கொஞ்சம் வெள்ளை சேத்துக்க. கல்லு ஓரத்துல வச்சு இழு. நடுவுல கையை எடுக்காத. எடுத்தா தண்ணி நின்னுபோகும்.”

இழுத்தாள். பாதியில் பயம் வந்து, மணிக்கட்டு மேல்நோக்கித் திரும்பிவிட்டது.

எம்ப்ரிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான், இருமல் வரும்வரை.

“அடிப்பாவி! ஆத்தை மலைமேல ஏத்திட்டியே!”

“நான்தான் வராதுன்னு சொன்னேனே.”

“இருக்கட்டும் விடு. தூரிகையைக் கழுவிடு. காஞ்சா பாழாயிடும்.”

சமையலறையில் மூன்று தரம் கழுவினாள். அதன் முடி பழையபடி வெளுத்தது. அதைக் காட்டலாமென்று திரும்பி வந்தபோது அவன் தலை படத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. இருமல் இல்லை. அவள் தூரிகையைத் துடைத்து, அதன் ஜாடியில் வைத்துவிட்டு, அப்புறம்தான், உயிர் போக வழியாக, ஜன்னலைத் திறந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பிக்கு வீட்டுக்கு வந்தார்கள். சாவு வீட்டு வழக்கப்படி வாசலிலிருந்து தெருவரை தூவியிருந்த ஊசியிலைத் தழை அதற்குள் மிதிபட்டுச் சேறாகியிருந்தது. பக்கத்து வீட்டு மாரித் கையில் கோப்பையோடு படத்தின் முன்னால் நின்றாள்.

“தண்ணி அப்படியே ஓடுது இங்கெரி. இந்த இடத்துல மட்டும் பாவம், மனுஷனுக்குக் கை தடுமாறியிருக்கு.”

“ஆமா,” என்று இங்கெரி காப்பியை ஊற்றினாள்.

ஓஸ்லோவிலிருந்து வந்திருந்த மகன் ஸ்டைனார் குனிந்து பார்த்தான். “அம்மா, இது இன்னும் காயலை. எண்ணெய்ச் சாயம், ஒரு மாசம் ஆகும். துணியால ஒத்தினா போயிடும். அப்பா இப்படி விட்டுருக்க மாட்டார்.”

சொல்லிக்கொண்டே ஒரு துணியை டர்பன்டைனில் நனைத்துவிட்டான். அறை முழுக்க அந்த வாடை எழுந்தது.

“வை அதை.”

அவன் நனைந்த துணியோடு திரும்பினான்.

“ஏம்மா?”

“வைடான்னா.”

அவன் துணியைக் கீழே வைத்தான். அவள் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அந்தச் சிரிப்பையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை ரயிலடியில், “என்கூட வந்துடேம்மா,” என்றான் ஸ்டைனார். “பாக்கலாம்,” என்றாள். ரயில் போனதும் அவள் வீட்டு வழியில் திரும்பாமல் பாலத்தடிக்கு இறங்கினாள். பனி உருகி ஆறு இரண்டு கரையும் முட்ட ஓடியது. கல் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னது. தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப்புறத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வந்த வழியே மேல்நோக்கித் திரும்பி, கல்லைத் தொட்டுவிட்டு, மறுபடி ஓட்டத்தோடு போனது.

பூட்ஸுக்குள் ஈரம் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் நிற்பதுபோலப் பக்கத்தில் திரும்பி ஏதோ சொன்னாள். ஆற்று இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.